சின்ன அறையின் ஹீற்றர்

நவம்பர் 4, சனி

முன் ஹோலில் மூன்று பேர் உட்காரும் செற்றியின் நடு இடம் ஈரம். இவர் எதையோ கொட்டிவிட்டுச் சொல்லாமல் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான்தான் கொட்டினேன் என்று இவர் நினைத்திருக்கிறார். கலியாணம் கட்டி இருபத்துமூன்று வருடத்தில் பழகிய இரக்கம். இருவரும் ஒன்றும் கேட்காமல் காலை முழுவதையும் கழித்தோம். மத்தியானம் அடுத்த சொட்டு இவருடைய உச்சந்தலையில் விழுந்தது. அங்கே இப்போது முடி இல்லாததால் சத்தமும் கேட்டது.

"மேல என்ன இருக்கு?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார். பதினைந்து வருடமாக இருக்கிற வீடு.

"ஆரணியின்ர அறை."

மகள் ஆரணிக்கு நியூகாசில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை கிடைத்து, போன வருடம் போனாள். அன்று முதல் அந்தச் சின்ன அறை சும்மா கிடக்கிறது. கட்டில், மேசை, கதிரை, அலமாரி, யன்னலுக்குக் கீழே ஒரு ஹீற்றர். அந்த ஹீற்றரின் அடியிலிருந்துதான் தண்ணீர் கசிந்து, கம்பளத்தை நனைத்து, பலகை வழியே முன் ஹோலுக்கு இறங்கியிருக்கிறது.

இவர் படியேறி வருவதற்குள் நான் முந்திப் போய், ஹீற்றரில் தொங்கவிட்டிருந்த மோர் மிளகாய்ச் சரங்களைக் கழற்றி ஆரணியின் உடுப்பு அலமாரிக்குள் வைத்துவிட்டேன். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும், அதுதான்.

இவர் வந்து கறிச்சட்டியை அடியில் வைத்து, வெடிப்பைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒட்டினார். லண்டன் பாதாள ரயிலில் ஸ்டேஷன் வேலை செய்கிறவர். நாடா ஒட்டி மறித்துவிட்டால் எந்தப் பிரச்சினையும் பாதி தீர்ந்தது என்பது அவருடைய நம்பிக்கை.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் பொயிலர் வேலை செய்யத் தொடங்கும்போது குழாய்கள் தட்டும். முதலில் குளியலறை, பிறகு படிக்கட்டு, கடைசியில் சின்ன அறை. டொக், டொக். ஆரணி சின்னவளாக இருந்தபோது கட்டிலில் படுத்தபடியே "வாங்கோ" என்பாள். இந்த வீட்டில் கதவைத் தட்டுகிற பழக்கம் உள்ளது அந்தக் குழாய்களுக்கு மட்டும்தான்.

சட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். நிரம்பவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். மதியச் சாப்பாடு பிந்திவிட்டது.

நவம்பர் 7, செவ்வாய்

குழாய் திருத்துகிற குமரேசன் வந்தார். ஹரோவில் எங்கள் ஆட்களுக்குள் குமரேசன்கள் பலர் இருப்பதால் இந்த ஆள் பொயிலர் குமரேசன். குரலும் பொயிலர் மாதிரித்தான். வந்த நேரம் முதல் போகிற நேரம் வரை ஓயாது.

நாங்கள் எல்லோரும் ஹீற்றர் என்று சொல்வதை அவர் மட்டும் ரேடியேற்றர் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டவுடனே விலை கூடப்போகிறது என்று விளங்கியது. சின்ன அறையில் குந்தியிருந்து ஒரு திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது.

"அண்ணை, இது தண்ணியில்லை. கோப்பி."

"சீனி போடாட்டிச் சரி" என்றார் இவர்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. முப்பது வருசத்துச் சாமான். வீடு முழுக்க இதுதான் ஓடுது. ஒண்டை மாத்தினா மற்றது வெடிக்கும்." பிறகு ஹீற்றரின் மேல் விளிம்பை விரலால் தடவினார். வண்ணப்பூச்சு துருவோடு செதில் செதிலாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் அக்கா, கடற்கரையிலயோ இருக்கிறியள்?"

"ஏன் கேக்கிறியள்?"

"உள்ளுக்க கறள் பிடிக்கிறது எல்லா வீட்டிலயும் உள்ளதுதான். இது வெளியாலயும் எல்லே பிடிச்சிருக்கு. உப்புக் காத்துப் பட்ட மாதிரி."

ஹரோவில் ஏது கடல் என்றேன். அதுதான் எனக்கும் விளங்கவில்லை என்றார் குமரேசன். இவர் யன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லா ஹீற்றர்களையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, தெரிந்த ஆட்கள் என்றபடியால் மூவாயிரத்து நானூறு பவுண். முன் ஹோலின் வளைந்த யன்னலுக்குக் கீழே உள்ள இரண்டும் பெரியவை, அவைதான் விலை. சின்ன அறையினதை இரண்டு பக்கமும் தண்ணீர் வராமல் அடைத்துவிட்டுப் போனார். இனி ஒழுகாது. இனிச் சூடாகவும் மாட்டாது.

நவம்பர் 8, புதன்

மோர் மிளகாயை எங்கள் அறை ஹீற்றரில் தொங்கவிட்டேன். வாசம் பிடித்து இரவு முழுவதும் இவர் தும்மினார். கழற்றிவிட்டேன்.

நவம்பர் 11, சனி

இவர் மேசையில் கணக்குப் போட்டார். ஹீற்றர் மட்டும் இல்லை. முன் ஹோலின் கூரையில் கறை, அதற்குப் பூச வேண்டும். செற்றி பழுது. கம்பளம் ஈரத்தில் நாறி மணக்கிறது. "ஹோலைப் பழைய மாதிரி ஆக்காம விட்டா, ஆக்கள் வந்தா எங்க இருத்துறது?" என்றார்.

முன் ஹோல் இவருடைய பெருமை. ஆரணியின் அரங்கேற்றப் படம், அவளுடைய பட்டமளிப்புப் படம், கண்ணாடி அலமாரிக்குள் யாரும் குடிக்காத பீங்கான் கோப்பைகள். ஆட்கள் வருகிற நாளில் மட்டும் கதவு திறக்கும். மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் அடுப்புக்குப் பக்கத்தில், குசினி மேசையில்தான் சீவிக்கிறோம்.

பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் சின்ன அறை சும்மாதானே கிடக்கு. வாடகைக்கு விட்டா ஒரு வருசத்தில ஹீற்றர்க் காசு வந்திடும்."

"ஓம்" என்றேன்.

"என்னோட வேலை செய்யிற ரவீந்திரன்ர அக்காவின்ர மகள் ஒரு பிள்ளை. வவுனியாவில இருந்து நேர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறா. நல்ல அடக்கம். உமக்கும் கதைக்க ஆளிருக்கும்."

"ஓம், நல்லதுதானே" என்றேன்.

நியாயமான யோசனை. எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. இங்கே பாதித் தமிழ் வீடுகளின் கடன் அப்படி அறையை வாடகைக்கு விட்டுத்தான் கட்டி முடிக்கப்பட்டது. நாங்கள் வந்த புதிதில் ஈஸ்ட்ஹாமில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருந்தோம். குளியலறைக்கு வெளியே துவாயோடு வரிசையில் நிற்பேன். அதையெல்லாம் பார்க்க இது ஒன்றுமே இல்லை.

ஒரு மறுப்பும் இல்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

நவம்பர் 15, புதன்

நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் மதியத்தோடு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். கட்டிலில் போட்டு மடிக்க வசதி என்று சின்ன அறைக்குக் கொண்டு போனேன். அறை ஐஸ்பெட்டி. கோட்டைக் கழற்றாமல் மடித்தேன். மடித்து முடிந்தபின், இவ்வளவு தூரம் ஏறி வந்தாயிற்றே என்று கதிரையில் இருந்தேன். யன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுக்காரரின் ஆப்பிள் மரம். இலை எல்லாம் கொட்டி, பறிக்காமல் விட்ட மூன்று பழங்கள் மட்டும் உச்சியில். ஒரு மைனா மாதிரிக் குருவி வந்து கொத்திவிட்டுப் போனது. மறுபடி வந்தது.

எழும்பும்போது வெளியே இருட்டு.

நவம்பர் 18, சனி

நாளை அந்தப் பிள்ளை அறை பார்க்க வருகிறாள். அறையைத் துப்புரவாக்கினேன். ஆரணியின் பழைய சப்பாத்துகள், பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பரணுக்கு அனுப்பியாயிற்று. இப்போது அறையில் அவளுடையது என்று ஒரு சாமானும் இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பிள்ளையின் பெயர் மேனகா. இருபத்தாறு வயது. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்த விதத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. முன் ஹோல் மணப்பதால் குசினியில் இருத்தி, தேநீரும் கடலை வடையும் கொடுத்தேன். இரண்டாவது வடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்தாள்.

"அன்ரி, நான் நைட் டியூட்டிதான் கனக்க. பகலில படுப்பன். உங்களுக்குக் கரைச்சல் இராது."

"அதுக்கென்ன பிள்ளை."

மேலே கூட்டிப் போனேன். இவரும் பின்னால் வந்தார், ஸ்டேஷனில் வெளிநாட்டுப் பயணிக்கு வழிகாட்டுகிற மாதிரிக் கையை நீட்டி நீட்டி. புது ஹீற்றர் வரும், அறை சூடாக இருக்கும், யன்னலால் நல்ல வெளிச்சம்.

மேனகா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தாள். கதிரையின் முதுகில் என் சாம்பல் நிறச் சால்வை. மேசையில் என் வாசிப்புக் கண்ணாடி, பாதி வாசித்துக் கவிழ்த்து வைத்த புத்தகம், தேநீர்க் கோப்பை வைத்த வட்டம். கட்டிலின் கீழே என் வீட்டுச் செருப்பு. கதிரையில் சுடுதண்ணிப் பை. துப்புரவாக்கும்போது இவை எதுவும் என் கண்ணில் படவே இல்லை.

"அன்ரி, இது உங்கட அறையோ?"

"இல்லைப் பிள்ளை, மகளின்ரை" என்றேன்.

"மகள் போய் ஒரு வருசம் தாண்டிட்டுது" என்றார் இவர்.

மேனகா கண்ணாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வடிவான அறை" என்றாள். போகும்போது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலும் இரண்டு இடம் பார்க்க இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு அறை பிடிக்கேல்லையோ?" என்று இவர் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நவம்பர் 20, திங்கள்

கண்ணாடியை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தேன். சால்வையையும். புத்தகத்தையும். எங்கள் கட்டிலில் சாய்ந்து வாசித்தேன். இவர் பக்கத்தில் கைபேசியில் கிரிக்கெட் பார்த்தார். நல்ல மனுஷன், சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நவம்பர் 23, வியாழன்

ஆரணி போன் எடுத்தாள். அறையைப் பற்றிச் சொன்னேன். அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேன்; எதிர்பார்த்தேன் என்பது கூடச் சரியாக இருக்கலாம்.

"குடுங்கோ அம்மா. நான் வந்தா செற்றியில படுப்பன்தானே."

"செற்றி ஈரம்."

"அப்ப நிலத்தில படுப்பன். எனக்கு இஞ்ச வீடிருக்கு அம்மா. அந்த அறையை எனக்காக வச்சிருக்க வேண்டாம்."

"ஓம். நீ வாறநேரம் தேவைப்படும் எண்டுதான்..."

"அம்மா." சிரித்தாள். "நான் எப்ப எடுத்தாலும் நீங்கள் அந்த அறையிலதானே இருக்கிறியள். வீடியோவில பின்னால தெரியிறது என்ர கேர்ட்டின்."

சிக்னல் அங்கேதான் நல்லாக வரும் என்றேன்.

"இப்ப குசினியிலதானே நிக்கிறியள்? நல்லா விளங்குது." பிறகு அவசரமாக, "மோர் மிளகாய் எப்ப வரும்? இஞ்ச எல்லாரும் கேக்கினம்" என்றாள்.

இந்த வருடம் பிந்தும் என்றேன்.

நவம்பர் 24, வெள்ளி

மேனகா அறையை எடுக்கிறாளாம். ரவீந்திரன் இவரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நடுப்பகுதியில் வருவாளாம். குமரேசன் திங்களன்று சாமான் ஓர்டர் பண்ணுகிறார். எல்லாம் சரியாகப் பொருந்தி வருகிறது என்று இவருக்குச் சந்தோஷம். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தேன். இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

நவம்பர் 26, ஞாயிறு

சாப்பிட்டபின் இவர் கண்ணயர்ந்தார். நான் மேலே போனேன். துணி மடிக்க இல்லை. கசிவு பார்க்க இல்லை. போனேன், அவ்வளவுதான். கோட்டுப் போட்டு, சால்வை சுற்றி, கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. விளக்குப் போட மனம் வரவில்லை. கதவு திறந்தது. இவர்.

"இஞ்சயோ இருக்கிறீர்? நான் கடைக்குப் போயிட்டீராக்கும் எண்டெல்லே நினைச்சன்." விளக்கைப் போட்டார். "இருட்டுக்குள்ள, கோட்டோட... ஆரும் பாத்தா பஸ்ஸுக்கு நிக்கிறீர் எண்டு நினைப்பினம்."

நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு கட்டிலில் இருந்தார்.

"ஆரணியோட ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை."

"உடம்புக்கு ஏதும்?"

"இல்லையப்பா. எனக்கு இந்த அறை வேணும்."

"ஆரணிதான் வேண்டாம் எண்டிட்டாளே."

"அவளுக்கில்லை. எனக்கு."

"உமக்கோ? என்னத்துக்கு?"

"இருக்க."

இவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "குசினி இருக்கு, ஹோல் இருக்கு, எங்கட அறை இருக்கு. இந்த வீட்டில நீர் இருக்கேலாத இடம் எது?"

"கதவைச் சாத்திப்போட்டு இருக்க."

கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நான் அவ்வளவு கரைச்சல் குடுக்கிறனோ?" என்று கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது, எதுவுமே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"நீங்கள் ஒரு கரைச்சலுமில்லை. அதில்லை." எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொடங்கினேன். அம்மா வீட்டில் பெண்பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஒரே அறை. பிறகு இடம்பெயர்ந்து, பள்ளிக்கூட மண்டபத்தில் சேலை கட்டி மறைத்து இருந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் இருமும். பல்கலைக்கழக விடுதியில் எட்டுப் பேர். பிறகு ஈஸ்ட்ஹாம். பிறகு இவரோடும் பிள்ளையோடும் இந்த வீடு. எதையும் குறையாகச் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் சிரித்துத்தான் இருந்தேன். "ஆனா நாப்பத்தாறு வயசில, ஆரணி போன பிறகுதான், முதல் முறையா ஓரறைக்குள்ள தனிய இருந்து பாத்தன். நல்லா இருந்தது."

இவர் ஹீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து மேல் விளிம்பில் ஒரு செதிலை உரித்தார்.

"மோர் மிளகாய்தான்" என்றேன். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று. "நூலில கோத்துத் தொங்கவிட்டது. உப்பு மோர் சொட்டினது. பத்து வருசமா."

"தெரியும்."

"எப்பிடி?"

"ஒவ்வொரு வெய்யில் காலத்துக்கும் இந்த ஹீற்றருக்குப் பெயின்ற் அடிக்கிறது ஆர்? மற்ற ஒண்டும் உரியேல்லை, இது மட்டும் ஏன் உரியுது எண்டு யோசிக்க மாட்டனோ? நூலும் ஒட்டிக்கொண்டு கிடந்தது."

"அப்ப ஏன் ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

"மிளகாய் நல்லாத்தானே இருந்தது" என்றார்.

நான் முன் ஹோலைப் பற்றிச் சொன்னேன். அதை அப்படியே விடுவோம். அங்கே ஹீற்றர் வேண்டாம், புதுச் செற்றி வேண்டாம், கம்பளம் வேண்டாம். பெரிய செலவெல்லாம் அதில்தான். மிச்சத்துக்கு நான் சனிக்கிழமைகளிலும் மருந்துக் கடைக்குப் போகிறேன், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"வாற ஆக்கள் குளிருக்குள்ளயோ இருக்கிறது?"

"வாற ஆக்கள் கோட்டே கழட்டுறேல்லையப்பா. 'இப்ப போகவேணும்' எண்டு கொண்டுதான் இரண்டு மணித்தியாலம் இருக்கினம்."

இவர் சிரிக்கவில்லை. எழும்பிக் கீழே போனார். கதவைத் திறந்தபடி விட்டுப் போனார்.

நவம்பர் 27, திங்கள்

குமரேசன் இரண்டு தரம் போன் எடுத்தார். இவர் பதில் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில், கறிக்கு உப்புக் காணாது என்று மட்டும் சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 28, செவ்வாய்

விடிய வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்தேன். நிமிராமலே சொன்னார்:

"நீர் சொன்னது எனக்கு இன்னும் விளங்கேல்லை, சுகி."

"தெரியும்."

"விளங்காட்டியும் அந்த அறைக்கு ஹீற்றர் பூட்டலாம்தானே."

அங்கே நின்றபடியே குமரேசனுக்குப் போன் அடித்தார். கைபேசியைக் காதில் வைக்கத் தேவையே இல்லை, மறுபக்கக் குரல் வாசல்வரை கேட்டது.

"அண்ணை, உங்களுக்கென்ன பிடிச்சிருக்கு? சனம் ஹோலுக்கு நல்லதாப் போட்டிட்டு அறையளுக்குத்தான் மலிவாப் போடச் சொல்லும். நீங்கள் தலைகீழாச் சொல்லுறியள்!"

"ஓமடாப்பா, தலைகீழாத்தான். ஹோலில உள்ள ரெண்டையும் தண்ணி வராம அடைச்சுவிடும். சின்ன அறைக்குக் கொஞ்சம் பெரிசாப் போடும். யன்னல் பக்கத்தால குளிர் வருது."

யன்னல் பக்கத்தால் குளிர் வருவதை இவர் எப்போது கவனித்தார்?

மேனகாவுக்கு நானே போன் எடுத்தேன். முதல் இரண்டு வசனத்தையும் காலை முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "பரவாயில்லை அன்ரி. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு இடம் இன்னும் இருக்கு. உங்கட கண்ணாடியைக் கண்டவுடனயே யோசிச்சனான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வரச் சொன்னேன். வடை இருக்குமோ என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

டிசெம்பர் 4, திங்கள்

குமரேசனும் இன்னொருவரும் வந்து பொயிலரை நிறுத்தி, வீட்டின் கறுப்புத் தண்ணீரையெல்லாம் வெளியேற்றினார்கள். பழைய ஹீற்றர்கள் முன் தோட்டத்தில் ஒன்றோடொன்று சாய்ந்து கிடக்கின்றன. எதிர் வீட்டு அம்மா வந்து, வீடு விற்கிறீர்களா என்று கேட்டார்.

இரவு வீடு விறைத்தது. குசினியில் அவண் அடுப்பைப் போட்டு அதன் கதவைத் திறந்துவைத்து, அதன் முன் இரண்டு கதிரை போட்டு, குரக்கன் கஞ்சி குடித்தோம். இவர் கம்பளித் தொப்பியோடு இருந்தார். ஈஸ்ட்ஹாமில் ஒருநாள் மூன்று குடும்பமும் இப்படி ஒரு அடுப்பைச் சுற்றி இருந்ததைச் சொன்னார். அன்றைக்கு இவருடைய சொக்ஸ் கருகியது. இன்றும் கிட்டத்தட்ட கருகியிருக்கும், நான்தான் காலை இழுத்துவிட்டேன்.

டிசெம்பர் 5, செவ்வாய்

படிக்கட்டுக்கும் எங்கள் அறைக்கும் புது ஹீற்றர் பூட்டியாயிற்று. சின்ன அறைக்கு நாளை. குமரேசன் பாடிக்கொண்டே வேலை செய்கிறார். நான்கு வரிதான் தெரியும் போல.

டிசெம்பர் 6, புதன்

முடிந்தது. வெள்ளையாக, மெலிதாக, தண்டவாளம் மாதிரி நேர்க்கோடுகளோடு சுவரில் இருக்கிறது. கையை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

குமரேசன் சாமான்களைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "அக்கா, புதுசு. உப்புக் காத்து மட்டும் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

"எந்த உப்புக் காத்து?"

"எங்கட வீட்டிலயும் வீசுறதுதான்" என்றார். "மனுசிக்கு நான் சொல்லிப்போட்டன், மிளகாயைக் கண்டா வேலைக்கு உத்தரவாதம் இல்லை எண்டு."

டிசெம்பர் 9, சனி

முதல் சனிக்கிழமை வேலை. கால் உளைவு. வரும் வழியில் பச்சை மிளகாய் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் எங்கே காயவைப்பது என்று யோசித்தேன்.

டிசெம்பர் 10, ஞாயிறு

மேனகா மதியம் வந்தாள். ஆட்கள் வந்தால் முன் ஹோல் என்கிற பழக்கத்தில் இவர் கதவைத் திறந்து அங்கேதான் இருத்தினார். கொஞ்ச நேரத்தில் மூவரும் ஒருவர் வாயிலிருந்து வருகிற புகையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். "அங்கிள், குசினிக்குப் போவமோ?" என்று அவள்தான் கேட்டாள். அரங்கேற்றப் படத்தில் இருந்த ஆரணி மட்டும் அங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை நாளைக்குக் குசினிச் சுவருக்குக் கொண்டுவர வேண்டும் என்று இவர் சொன்னார். ஆணி அடிக்க இடம்கூடப் பார்த்துவிட்டார்.

அவள் போனபின் மேலே வந்தேன். கோட்டு இல்லை, சுடுதண்ணிப் பை இல்லை. கதவைச் சாத்தினேன். சாம்பல் சால்வை கதிரையில், கண்ணாடி மேசையில். ஆப்பிள் மரத்தில் இப்போது ஒரு பழம்தான்.

குழாய்கள் இப்போது தட்டுவதில்லை. இவ்வளவு அமைதியாக வீடு சூடாகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. காலையில் விழித்து, சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்துக் கிடந்தேன். அது ஒன்றுதான் குறை என்று எழுத நினைத்து இந்தப் பக்கத்தைத் திறந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே இப்போது டொக், டொக்.

ஹீற்றரைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் சத்தம் வாசல் பக்கம் என்று தெரிந்தது.

"ஆர்?" என்று கேட்டேன். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில்.

"நான்தான். வரலாமோ? துணி காயவைக்கிற ஸ்டாண்ட் ஒண்டு வாங்கினனான், ஹீற்றருக்கு முன்னால தள்ளி வைக்கலாம். மிளகாய் தொங்கவிட. கீழ ஒரு தட்டும் வைக்கலாம். இப்ப வேண்டாமெண்டா வெளியில வச்சிட்டுப் போறன்."

"நில்லுங்கோ, வாறன்" என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். ஸ்டாண்டின் கால்கள் நிலத்தில் ஊன்றுகிற சத்தம் கேட்கிறது. இந்த வரியை எழுதி முடித்துவிட்டுத் திறக்கப் போகிறேன்.